கொதியரைச் சோதித்த முதலாளி

புலம்பெயர்ந்தவர்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் கொதியரிடம் ஏச்சு வாங்காதவர் எவரும் இல்லை. இருந்தால், அவர் இன்னும் பிறக்கவில்லை. பஸ் பிந்தினால் பஸ்ஸை ஏசுவார். வெங்காயம் உரிக்கும்போது வெங்காயத்தை ஏசுவார். ஒரு கிரேக்கரின் உணவகத்தில் அவர் சமையல்; நான் மேசையில் பரிமாறுபவள். கொதி, அதாவது கோபம், அதிகம் என்பதால் எல்லாருக்கும் அவர் கொதியர்; உண்மைப் பெயரை நான் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஏச்சு விழும்.

முதலாளிக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை நடந்தது. உடம்பு தேறக் கிரேக்கத்துக்குத் தங்கையிடம் போனவர் மாதக்கணக்கில் திரும்பவில்லை. கடை மருமகன் கைக்கு வந்தது. கூடவே அவனுடைய நண்பர்களும் வந்தார்கள். நல்ல இறைச்சியெல்லாம் அவர்கள் மேசைக்கே போனது. கொதியர் குளிரறைச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"மனுசன் திரும்பி வருமட்டும் ஒரு எலும்பும் தரமாட்டன்!"

வேலையை விட்டு நிறுத்துவேன் என்றான் மருமகன்.

"நிப்பாட்டிப் பார்!" என்று அகப்பையை ஓங்கினார். அவன் அடுப்படிப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டான்.

தை மாதத்தில் ஒரு மத்தியானம் பின்கதவால் ஒருவர் வந்தார். மெலிந்த உருவம். முகத்தைச் சுற்றிச் சால்வை; கண் மட்டும் வெளியே தெரிந்தது.

"உன் முதலாளி செத்துப்போனார். என் கடைக்கு வந்துவிடு," என்றார் கரகரத்த பிரெஞ்சில்.

கொதியர் ஒரு கணம் அசையவில்லை. பிறகு பாத்திரம் கழுவிய வாளித் தண்ணீரை அப்படியே அந்த ஆள்மேல் ஊற்றினார். "செத்தவீட்டிலை ஆள்பிடிக்க வந்தனியோ, நாயே!"

சால்வை நழுவியது. முதலாளி! நனைந்தபடி விழுந்து விழுந்து சிரித்தார். அவர்களுடைய பழங்காவியத்தில், இருபது வருடம் கழித்து நாடு திரும்பிய அரசன் பிச்சைக்காரனாக வந்து, தன் பன்றிகளைக் காத்திருந்த வேலைக்காரனின் விசுவாசத்தைச் சோதிப்பானாம். தானும் செய்து பார்த்தாராம்.

நானும் சிரித்துவிட்டேன். கொதியர் சிரிக்கவில்லை.

"இருபது வருசம் காத்தவனைச் சோதிக்கிறதோ? அந்தப் பன்றிக்காரன் ராசாவுக்கு ரெண்டு போட்டிருக்கவேணும்!" அவர் கழுத்துச் சாவியை இறுகப் பற்றினார். "நீர் செத்திட்டீர் எண்டு உம்மடை வாயாலையே சொன்னீர். அந்த ஒரு நிமிசம் நான் பட்ட பாடு உமக்குத் தெரியுமோ?"

நான் மொழிபெயர்த்தேன். முதலாளியின் சிரிப்பு நின்றது. கொதியர் சாவியைக் கழற்றி எறிந்துவிட்டு, ஏப்ரனோடே பனிக்குள் இறங்கி நடந்தார்.

முதலாளி அன்றைக்கே மருமகனைக் கடையை விட்டு அனுப்பிவிட்டார். மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு கொதியர் வீட்டுக்குப் போனார். மூன்றாம் மாடி. வெளியே வளைந்து ஏறும் இரும்புப்படி முழுக்க உறைபனி. வழிநெடுக என்னிடம் கேட்டுப் பாடமாக்கிய "மன்னிச்சுக்கொள்ளும்" என்ற சொல்லை, கதவு திறந்ததும் மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்தார்.

"நெஞ்சு வெட்டின மனுசனை இந்தப் படியிலை ஏத்தினது ஆர்? பிள்ளை, உனக்கு மூளை இல்லையோ?"

ஏச்சு முழுக்க எனக்குத்தான். முதலாளியைக் கதிரையில் இருத்தினார், தேத்தண்ணி கொடுத்தார், தன் சப்பாத்தைப் போட்டார். "நான் வேலைக்கு வாறன் எண்டு சொல்லேல்லை!" என்று கத்திக்கொண்டே ஒவ்வொரு படியிலும் உப்புத் தூவி, முதலாளியின் கையைப் பிடித்து இறக்கினார். நேரே கடைக்குத்தான் போனோம்.

நான் இப்போது நகருக்கு வெளியே, புரோசார்டில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அங்கே யாரும் யாரையும் ஏசுவதில்லை. சனிக்கிழமைகளில் மெட்ரோ ஏறிப் போய், கொதியரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வருகிறேன்.