மகாராஜா பெயர் வந்தால் நிறுத்து

ஒரு காட்டில் கோடை பிறந்து, இருந்த ஒரே குளமும் பாதியாக வற்றிவிட்டது. காடு என்றதும் ஏதோ அந்தக் காலத்துக் காடு என்று நினைத்துவிடாதீர்கள். இது சர்வர் வைத்த காடு. குளத்து மதகைத் திறப்பது, மூடுவது, இன்றைக்குத் தண்ணீர் குடிக்க மான்களின் முறையா பன்றிகளின் முறையா என்று சொல்வது, எல்லாம் குகைக்குள் இருந்த சர்வர் என்கிற இரும்புக் கணினிப் பெட்டிதான். அதைக் கவனித்துக்கொள்ள ஒரு தேவாங்கு. பெயர் சாமிக்கண்ணு.

சாமிக்கண்ணு வேலையில் படு கெட்டிக்காரன். ஆனால் பாவம், பிறவியிலேயே திருட்டு முழி. சும்மா உட்கார்ந்திருந்தாலும் எதையோ எடுத்து ஒளித்துவைத்தவன் மாதிரியே இருப்பான். அதனால், யார் முறையும் இல்லாத மத்தியான வேளையில் மதகு தானாகத் திறந்து தண்ணீர் காணாமல் போக ஆரம்பித்ததும் காடே அவனைத்தான் பார்த்தது.

"அதான் முழியே சொல்லுதே!" என்றன பன்றிகள்.

அதே கோடையில் நரி நல்லதம்பி மதகுக்குக் கீழே தர்பூசணித் தோட்டம் போட்டிருந்தான். ஒவ்வொரு பழமும் யானைத்தலைப் பெரிசு. எல்லா மிருகங்களும் அதை வாங்கிக் கடித்து, சாறு வழிய வழிய, "தண்ணி திருடுறவன் நாசமாப் போக!" என்று சாபம் விட்டன. இந்த வறட்சியில் இந்தப் பழம் எப்படிக் காய்த்தது என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. கேட்டால் நாளைக்குப் பழம் கிடைக்காதே!

சிங்க மகாராஜா சாமிக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள திருடனைக் கண்டுபிடி. இல்லேன்னா உன்னை வேலையை விட்டு எடுத்துடுவேன்."

அந்தக் காட்டில் வேலையை விட்டு எடுத்தால் வீட்டுக்குப் போகிற வழக்கம் கிடையாது. நேரே மகாராஜாவின் வயிற்றுக்குத்தான் போகவேண்டும்.

சர்வர் வாயை மூடாத ஜன்மம். யார் உள்ளே வந்தார்கள், எதைத் தொட்டார்கள், எங்கே கோளாறு என்று தனக்குள் நடப்பதையெல்லாம் வரி வரியாக எழுதிக்கொண்டே இருக்கும். அதற்கு லாக் என்று பெயர். சாமிக்கண்ணு அதைத் திறந்து பார்த்தான். மதகு திறந்த நேரம் மட்டும் கழுவி வைத்த தட்டு மாதிரி காலியாக இருந்தது.

"கொழுப்பைப் பாரு! திருடினதும் இல்லாம தடத்தையும் அழிச்சிட்டுப் போயிருக்கான்," என்று பல்லைக் கடித்தான். "இருடா. எழுத எழுத அப்பப்பவே வேற இடத்துக்கு அனுப்பிடறேன். அங்க வந்து எப்படி அழிக்கிறேன்னு பார்க்கலாம்!"

எங்கே அனுப்புவது? கூட்டம் போட்டார்கள். குரங்கிடம் வைத்தால் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும். கிளியிடம் வைத்தால் ஊரெல்லாம் பாடும். கடைசியில், வந்து சேரும் லாக்கை வாங்கி வைக்கிற பெட்டியை எருமை செங்கமலத்தின் சேற்றுக் குட்டைப் பக்கம் வைப்பதென்று முடிவாயிற்று. செங்கமலம் எதையும் படிக்கமாட்டாள், எவரிடமும் சொல்லமாட்டாள், பக்கத்தில் இடி விழுந்தாலும் அசையமாட்டாள். இப்படி ஒரு நம்பகமான ஆள் வேறெங்கே கிடைக்கும், சொல்லுங்கள்.

வழியில் யாரும் ஒட்டுக்கேட்கக் கூடாது, நடுவில் புகுந்து மாற்றவும் கூடாது என்று செய்திகளையெல்லாம் பூட்டி அனுப்ப ஏற்பாடு செய்தான் சாமிக்கண்ணு. அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் தாங்கள் இன்னார்தான் என்று ஒருவருக்கொருவர் சான்றிதழ் காட்டவேண்டும். அப்புறம்தான் ஒரு எழுத்து நகரும். செங்கமலத்திடம் போய் நின்றான்.

"அக்கா, நீங்க எருமைதான்னு ஒரு சான்றிதழ் போடணும்."

செங்கமலம் அந்தக் கோடையில் முதல் முறையாகத் தலையைத் தூக்கினாள். "ஏன் தம்பி, என்னைப் பார்த்தா எருமையாத் தெரியலையா?"

"நேர்ல நல்லாத் தெரியுதுக்கா. கம்பி வழியாப் பார்த்தா தெரியாதே."

"எங்கம்மா எருமை, எங்கப்பன் எருமை. இதுக்கு மேல என்னத்தடா சான்றிதழ்?" என்று முணுமுணுத்துக்கொண்டே, சேற்றில் தோய்த்த குளம்பை ஒரு குத்து வைத்துக் கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து லாக் ஒழுங்காக வந்து சேர்ந்தது. அணில் தப்பான பாஸ்வேர்டு போட்டது வந்தது. சர்வருக்கு உடம்பு சுடுகிறது என்று வந்தது. ஆனால் மத்தியானம் மதகு திறந்து தண்ணீர் ஓடுகிற சத்தம் காதில் விழுந்ததே தவிர, லாக்கில் ஒரு வரி வரவில்லை.

வியாழக்கிழமையும் ஆயிற்று. மகாராஜா அந்தப் பக்கம் வந்து சாமிக்கண்ணுவை மேலும் கீழும் பார்த்து, "கொஞ்சம் எலும்புதான், பரவாயில்லை," என்று சொல்லிவிட்டுப் போனார். சாமிக்கண்ணுவுக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு வழி தெரியாமல், லாக்கில் எதை எழுதவேண்டும் என்று தானே சர்வருக்குச் சொல்லி வைத்திருந்த விதிகளை ஒவ்வொரு வரியாகப் படித்தான்.

முதல் வரியிலேயே கண் குத்திட்டு நின்றது. அந்தக் காட்டில் மகாராஜாவின் பெயரை எங்கேயும் எழுதக்கூடாது, மரியாதைக் குறைவு. அதனால் வேலைக்குச் சேர்ந்த அன்றே பயபக்தியோடு அவன் போட்ட விதி அது: மகாராஜா பெயர் வந்தால் நிறுத்து, எழுதாதே, அனுப்பாதே.

"அடப்பாவி சாமிக்கண்ணு!" என்று தலையில் அடித்துக்கொண்டான். எவனும் எதையும் அழிக்கவில்லை. சர்வர் எழுதவே இல்லை!

சாமியைக் கும்பிட்டுவிட்டு அந்த வரியை முடக்கினான். வெள்ளிக்கிழமை மத்தியானம் செங்கமலத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். லாக் வந்தது: மகாராஜா உள்ளே வந்தார். தர்பூசணித் தோட்டத்துக் கணினி வழியாக வந்தார். மதகைத் திறந்தார்.

நிமிர்ந்து பார்த்தான். மகாராஜா எதிரில் ஆலமரத்தடியில் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு பழக்கம், பாஸ்வேர்டு தட்டும்போது ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுக் கர்ஜித்துக்கொண்டேதான் தட்டுவார். நேற்று முட்டையை விட்டு வந்த குஞ்சுக்குக்கூட அது மனப்பாடம்.

சாயங்காலம் சபை கூடியது. சாமிக்கண்ணு தான் எடுத்த விதியைப் பற்றிச் சொல்லிவிட்டு லாக்கை வாசித்தான்.

"பார்த்தீங்களா மகாராஜா!" என்று துள்ளினான் நல்லதம்பி. "உங்களையே திருடன்கிறான் இந்த முழிக்காரன்!"

"ஐயோ, இல்லைங்க! வேற யாரோ உங்க பாஸ்வேர்டைப் போட்டு..."

"என் பாஸ்வேர்டு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது," என்று உறுமினார் மகாராஜா.

சபை மொத்தமும் தரையைப் பார்த்தது. ஒரு பன்றிக்குட்டி பாஸ்வேர்டைச் சொல்ல வாயெடுக்க, அதன் அம்மா பட்டென்று பொத்தினாள்.

மகாராஜா யோசித்தார். பாஸ்வேர்டு வெளியே போய்விட்டது என்றால் தான் ஏமாளி. ஏமாளி ராஜாவை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சிங்கம் நாளைக்கே வந்து விரட்டிவிடும். திருட்டு ராஜா என்றால்? அதெல்லாம் சகஜம்தானே!

"ஆமா, நான்தான் திறந்தேன்," என்றார் கம்பீரமாக.

சபை கைதட்டியது. நல்லதம்பி எல்லாரையும் விட பலமாகத் தட்டினான். திருடன் கிடைத்துவிட்டான், தலை தப்பியது என்று சாமிக்கண்ணுவுக்கு மூச்சு வந்தது.

"அப்படின்னா அது என் தண்ணி," என்று மகாராஜா மெதுவாகத் திரும்பினார். "என் தண்ணியில விளைஞ்சது என் பழம். என் பழத்தை வித்துத் தின்னது யாருடா?"

கைதட்டல் நின்றது. நல்லதம்பியின் வால் கால்களுக்கு நடுவே போயிற்று.

"மகாராஜா! சத்தியமா நீங்க திறக்கலை! நான்தான் உங்க பேர்ல திறந்தேன்! லாக்கைப் பாருங்க, என் தோட்டத்துக் கணினி!"

"அப்போ என்னை ஏமாளிங்கிறே?"

மகாராஜா சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டார்.

பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு சாமிக்கண்ணுவைப் பார்த்தார். "என் பேரு இப்படிக் கண்ட இடத்துல வரக்கூடாது. எடுத்த வரியைத் திரும்பப் போடு."

"இதோ போட்டுட்டேன் மகாராஜா!"

அன்றிலிருந்து அந்தக் காட்டில் யாருக்கும் தண்ணீர்ப் பஞ்சமே இல்லை. பன்றிகள் நினைத்தபோது மதகு திறந்தது, மான்கள் நினைத்தபோதும் திறந்தது. லாக்கில் ஒரு வரி கிடையாது. முதல் ஆளாக மகாராஜா பெயரில் உள்ளே போய் மதகைத் திறந்து, வயிறு முட்டக் குடித்தவன் சாமிக்கண்ணுதான். பயந்து பயந்து அவனுக்குத் தொண்டை அப்படி வறண்டிருந்தது.

நீதி: திருடுவதென்றால் மேலதிகாரியின் பெயரில் திருடுங்கள், பழியை அவரே கௌரவமாக ஏற்றுக்கொள்வார், தர்பூசணி மட்டும் போட்டுவிடாதீர்கள்.