ரஞ்சனியின் பெயரில் ஒரு திருத்தம்

ஒரே கணக்கைக் காலையில் போட்டபோது, "நடுவட்டம் டிவிஷனை மூட வேண்டாம்" என்றது கணினி. மதியம் போட்டபோது, "மூடலாம்" என்றது.

குன்னூர் எஸ்டேட் ஆபீசில் விளைச்சல் விவரங்களை ஆராய்வது ரஞ்சனியின் வேலை. தேயிலை விலை படுத்துக்கொண்டதால் கம்பெனி ஒரு டிவிஷனை மூடப் பார்த்தது. நடுவட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களில் அவள் அம்மாவும் ஒருத்தி.

"ஏனுங்க ரஞ்சனி, மூடறதுங்களா, வேண்டாமுங்களா?" என்றார் மேனேஜர் வேலுசாமி. "டைரக்டருங்க வர்றாங்க. யார் போட்டாலும் ஒரே மாதிரி வரோணும். இல்லாட்டி மூடிருவாங்க."

"வர வெச்சுடறேன் சார்."

காரணம் சீக்கிரமே தெரிந்தது. புரோகிராம் சில செடி வரிசைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொரு முறையும் வேறு வரிசைகள். குலுக்கல் எப்போதும் ஒரே மாதிரி விழும்படி செய்தாள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் மென்பொருளுக்குள் புரோகிராமை வைத்தாள். பிறகு கோத்தகிரி ஆபீசிலிருந்த ரவிக்குமாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"எனக்கு வேற விடை வருதுங்க," என்றான் அவன் போனில். "ஆனா மத்தியானம் மண்ணோட ஈரத்தைச் சேத்தீங்க பாருங்க, அது சூப்பருங்க."

"நான் சேக்கலையே!"

"உங்க பேருதானுங்க இருக்குது."

பார்த்தாள். இருந்தது. அவள் கேண்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவள் பெயரில் ஒரு திருத்தம். குறிப்பில் 'ஈரபதம்' என்று ஒற்று விடுபட்டிருந்தது. அவள் வழக்கமாக விடும் அதே ஒற்று. திருத்தம் சரியாகவும் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"வைரஸா இருக்குமுங்க," என்றான் ரவிக்குமார்.

"வைரஸுக்கு மண்ணைப் பத்தி என்ன தெரியும்?"

கடவுச்சொல்லை மாற்றினாள். இன்னொருவர் படித்து ஒப்புதல் தராமல் எந்தத் திருத்தமும் உள்ளே வரக்கூடாது என்று விதி போட்டாள்.

மறுநாள் புதிதாக ஒரு திருத்தம் உள்ளே இருந்தது. எழுதியவர் ரஞ்சனி. ஒப்புதல் தந்தவரும் ரஞ்சனி. இருவரும் வேறு வேறு ஆட்கள் என்று மென்பொருள் முழுமனதாக நம்பியிருந்தது. கீழே ஒரு கருத்து வேறு: 'நேத்து நீ எழுதின கடைசி வரி அவசரத்துல எழுதினது. சரி பண்ணிட்டேன்.'

அவள் அந்த வரியை அவசரத்தில்தான் எழுதியிருந்தாள். எழுதியபோது அறையில் வேறு யாரும் இல்லை. ஜன்னலில் மூடுபனி மட்டும் வந்து ஒட்டிக்கொண்டு நின்றது.

ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். தன் கணினியிலிருந்த மென்பொருள்கள் எல்லாவற்றையும் அதே பதிப்புகளோடு ஒரே பொட்டலமாகக் கட்டினாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சோதனை வைத்தாள். இந்த நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும், தான் செய்வதை அச்சு அசலாகச் செய்யும்படி வழிமுறையும் எழுத ஆரம்பித்தாள். பாதியில் அசந்துபோய் வீட்டுக்குக் கிளம்பினாள்.

காலையில் மீதிப் பாதி எழுதி முடிக்கப்பட்டிருந்தது.

அழிக்கக் கை போனது. அம்மாவை நினைத்தாள். அழிக்கவில்லை.

டைரக்டர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே விடை: மண்ணில் ஈரம் நிற்கிறது, செடி தேறிவிடும், மூட வேண்டாம். ரவிக்குமாருக்கும் அதே விடை வந்தது.

"நீங்க இல்லாட்டியும் இது ஓடுமுங்களா?" என்று கேட்டார் வேலுசாமி.

"ஓடும் சார்," என்றாள் ரஞ்சனி.

அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அம்மா அழுதாள், இவளும் கொஞ்சம் அழுதாள். திருத்தியது யாராக இருந்தால் என்ன, நல்லதுதானே செய்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். வெளியே மூடுபனி ரோட்டையே விழுங்கியிருந்தது.

கேண்டீன் கனகமணி கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, முன்னாடி ரூம்ல ஒரு போனுங்க. பேரு ரஞ்சனிங்களாம், குரலும் உங்களாட்டவே இருக்குது. 'என் சீட்டுல உக்காந்து எம்பேர்ல எழுதிட்டிருக்கிறது யாரு'ன்னு கேக்கறாங்க, நான் என்னன்னு சொல்லட்டுமுங்க?"