கிட்டாருக்கு வாசல் பார்த்த கதை

கிட்டார் வாசிக்கத் தெரியாதவர்கள் இரண்டு வகை. தனக்குத் தெரியாது என்று தெரிந்தவர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. இரண்டாவது வகையினர்தான் அன்று காலை வாசல் மாஸ்டரின் பட்டறை முன்னால் ஆளுக்கொரு கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். வரிசை மாடிப்படி இறங்கி, சலவைக்கடையைத் தாண்டி, தெருமுனைவரை போயிருந்தது. அதன் நடுவில் வெயிலில் மின்னிய வழுக்கைத் தலை என்னுடையது.

மாஸ்டரின் கண்டுபிடிப்பு இதுதான். மின்சார கிட்டாரில் வயரைச் செருக ஒரு துளை உண்டு. ஜாக் என்பார்கள். உலகம் இத்தனை காலமும் அதை வயர் செருகும் இடம் என்று நினைத்து ஏமாந்து கிடந்தது. அது ஒலி வெளியேறும் வாசலாம். தொழிற்சாலையில் எல்லா கிட்டாருக்கும் ஒரே இடத்தில் வைத்துவிடுகிறார்களாம். உங்கள் நாடிக்கு ஒத்துவராத இடத்தில் வாசல் இருந்தால், ஒலி மரத்துக்குள்ளேயே முட்டி மோதிச் செத்துப்போகுமாம். பழைய ஓட்டையை மரக்கட்டையால் அடைத்து, உங்களுக்குரிய இடத்தில் புது ஓட்டை போட்டு, ஜாக்கை அங்கே குடியேற்றிவிட்டால், அப்புறம் தொட்டதெல்லாம் இசைதான். பயிற்சியா? அது வாசல் சரியில்லாதவர்கள் படுகிற பாடு.

அந்தக் கடைசி வரியில்தான் நான் விழுந்தேன்.

மாஸ்டர் கட்டணம் வாங்குவதில்லை. சேச்சே! 'மர மரியாதை' என்று ஓர் உறையில் போட்டு நீட்ட வேண்டும், அவ்வளவுதான். மரியாதை குறைந்தால் வாசல் பாதிதான் திறக்கும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். மரத்துக்குக்கூட மானம் மரியாதை இருக்கிறது, எனக்குத்தான் இல்லை.

என் நிலைமை அப்படி. ஆபீஸ் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் இசைக்குழுவில் நான் கிட்டார். எங்கள் டிரம்மர் பொறுமைசாலி. அவனே ஒருநாள் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான்.

"டேய், சனிக்கிழமை கச்சேரிக்குள்ள நீ தாளத்துக்கு வரலன்னா, கீழ உக்காந்து கேளு. கை தட்டவும் ஆள் வேணும்ல?"

சொரணையுள்ளவன் வீட்டுக்குப் போய்ப் பயிற்சி செய்திருப்பான். நான் டிரில் மெஷின் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். வாசிக்கத் தெரியாதவனுக்கு ஜாக் கோணல்.

இதில் இன்னொரு விஷயம். அந்த கிட்டார் என்னுடையதே அல்ல. என் மனைவியுடையது. கல்யாணத்துக்கு முன்பே, முதல் சம்பளத்தில் அவள் ஆசை ஆசையாக வாங்கியது. வேலையும் பிள்ளையும் வந்த பிறகு அவள் எடுப்பது குறைந்தது. 'சும்மாதானே கிடக்குது' என்று நான் கைப்பற்றிக்கொண்டேன். அதன் நீல உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அவள் அப்படி வைத்திருந்தாள். கம்பி மாற்றக் கொண்டுபோகிறேன் என்று புளுகிவிட்டுத்தான் வரிசைக்கு வந்திருந்தேன்.

அவள் வேலை, ஆஸ்பத்திரியில் காது பரிசோதிப்பது. கண்ணாடி அறைக்குள் ஆளை உட்கார வைத்து, சின்னச் சின்னச் சத்தங்களைக் கேட்கவைத்து, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று பார்ப்பாள். முந்தின நாள் சாப்பிடும்போது சொன்னாள்:

"இன்னைக்கு ஒருத்தர் வந்தாருங்க. சத்தம் கேட்டா பட்டனை அழுத்தணும். நடுவுல நான் வேணும்னே சத்தம் போடாம விட்டேன். மனுஷன் பாட்டுக்கு அழுத்திக்கிட்டே இருக்காரு!"

"இல்லாத சத்தத்துக்கா?"

"கேக்கணும்னு ஆசை. ஆசை வந்துட்டா காது தானா கேக்கும்."

எனக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு. "எப்படிப்பட்ட முட்டாளெல்லாம் இருக்கான் பாரு!" என்றேன். அவள் என் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டியிருக்கலாம்.

பட்டறைக்குள் அழைத்தார்கள். பத்துப் பதினைந்து பேராக உள்ளே விட்டு, முதலில் அற்புதம் காட்டுவது அங்கே வழக்கம். மாஸ்டர் கறுப்புச் சட்டை, வெள்ளித் தாடி. கையில் ஒரு கிட்டார். அதற்கு மட்டும் இரண்டு ஜாக். முன்பக்கம் பழைய வாசல், பக்கவாட்டில் புது வாசல். பழையதில் வயரைச் செருகி ஒரு தட்டு தட்டினார். கம்பளிக்குள் இருமியதுபோல மந்தமாக வந்தது. புதியதில் செருகித் தட்டினார். பளீரென்று வந்தது!

கூட்டம் 'ஆ' என்றது. என் வாய் மற்றவர்களுடையதைவிட அகலமாகத் திறந்திருந்தது.

பக்கத்தில் நின்றவர் தன் கிட்டாரைத் திருப்பிக் காட்டினார். அதில் ஏற்கனவே மூன்று ஓட்டை.

"மூணு தடவை மாத்தியிருக்கேன் சார். நாலாவதுல முழுசாத் திறக்கும்னு மாஸ்டர் சொல்லியிருக்காரு."

"முதல் மூணுல?"

"திறந்துச்சு சார், திறந்துச்சு. எனக்குத்தான் கேக்கல."

ஓட்டை போட்டுக்கொண்டவருக்கே நம்பிக்கை அதிகம். போட்ட ஓட்டையை அடைக்க அதைவிட நல்ல பசை கிடையாது.

என் முறை வந்தது. மாஸ்டர் நீல உடம்பில் காதை வைத்தார். விரல் முட்டியால் தட்டினார். கண்ணை மூடினார். கடைசியில் அடிப்பக்க ஓரத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். அங்கே வந்த எல்லாருடைய வாசலும், மேசையில் பொருத்தியிருந்த டிரில்லுக்கு வசதியாக எட்டுகிற இடத்திலேயே அமைந்திருந்தது. அதையும் நான் ஓர் அற்புதமாகவே எடுத்துக்கொண்டேன்.

"தம்பி, உங்க ஒலி ரொம்ப நாளா உள்ள அழுதுக்கிட்டு இருக்கு."

என் கண் கலங்கிவிட்டது. சத்தியமாக.

பெயிண்ட் உதிராமலிருக்க வட்டத்தின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டினார். டிரில் சுழன்றது. முனை மரத்தைத் தொட்டு, கொஞ்சம் நீலத்தூள் பறந்தது.

"நிறுத்துங்க!"

கதவருகே என் மனைவி. கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டைகூடக் கழற்றவில்லை. வரிசையில் நின்றபோது டிரம்மருக்கு போன் செய்து 'வாசல் மாஸ்டர்கிட்ட வந்திருக்கேன், ஜாக்கை மாத்தப்போறேன், சனிக்கிழமை பாரு' என்று பீற்றியிருந்தேன். அவன் உடனே அவளைக் கூப்பிட்டு, "உங்க கிட்டார்ல ஓட்டை போடப்போறான்" என்று சொல்லிவிட்டான். நண்பன் என்றால் அவனல்லவா நண்பன்.

அவள் என்னைத் திட்டவில்லை. கிட்டாரை வாங்கி, தூளைத் துடைத்து, மொச்சை அளவு விழுந்திருந்த குழியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது என் கிட்டார். என்னைக் கேக்காம ஓட்டை போடக்கூடாது" என்றாள் மாஸ்டரிடம். "ஆனா உங்க வாசலை நானும் ஒரு தடவை கேட்டுப் பாக்குறேன். காது டெஸ்ட் பண்றதுதான் என் வேலை."

மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா, காது டாக்டரே தேடி வந்துட்டாங்க!"

"டாக்டர் இல்ல. டெஸ்ட் பண்றவ. எல்லாரும் சுவத்தப் பாத்துத் திரும்பி நில்லுங்க. நீங்களுந்தான் மாஸ்டர். புது வாசல்ல கேட்டா கைய தூக்குங்க, பழசுன்னா இறக்குங்க. இவர் மட்டும் என் கையப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

மூன்று ஓட்டைக்காரரைச் சாட்சியாக நிறுத்தினாள். இரட்டை ஜாக் கிட்டாரை மாட்டிக்கொண்டாள். நாங்கள் சுவரைப் பார்த்தோம்.

ஒரு தட்டு. ஸ்பீக்கரை அணைக்கும் சத்தம். ஏதோ உலோகம் உரசும் சத்தம். மறுபடியும் ஒரு தட்டு. எனக்குத் தெளிவாகக் கேட்டது: பளீர்! கையைத் தூக்கினேன். அடுத்து மந்தம், இறக்கினேன். அடுத்தது தேனாகப் பாய்ந்தது. இரண்டு கையையும் தூக்கினேன். கடைக்கண்ணால் பார்த்தேன். கூட்டமே கைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. மாஸ்டரின் கையும் கம்பீரமாக மேலே நின்றது.

"போதும், திரும்புங்க. சார், நான் எத்தனை தடவை வயரை மாத்தினேன்?"

மூன்று ஓட்டைக்காரர் எச்சில் விழுங்கினார். "மாத்தவே இல்லம்மா. பழைய ஓட்டையிலேயேதான் இருந்துச்சு. சும்மா சாவிக்கொத்தால உரசுனீங்க."

மேலே போன என் கைகளுக்குக் கீழே இறங்க வழி தெரியவில்லை.

"முதல் கை எங்க வீட்டுக்காரர் கைதான்" என்றாள் அவள்.

மாஸ்டர் சுதாரித்துக்கொண்டார். "சந்தேகப்படுற கை தொட்டா வாசல் மூடிக்கும்மா."

"அப்ப நம்புற கையே வாசிக்கட்டும்" என்று கிட்டாரை அவரிடமே கொடுத்தாள். கொடுக்குமுன் பையிலிருந்து ஆஸ்பத்திரி பிளாஸ்திரியை எடுத்து, கிட்டாரின் முகப்பில் இருந்த திருகு குமிழ்கள் அசையாதபடி அழுத்தி ஒட்டினாள்.

மாஸ்டர் பழைய வாசலில் வாசித்தார். புது வாசலில் வாசித்தார். இரண்டும் ஒரே சத்தம். அவருடைய சுண்டுவிரல் மட்டும் பிளாஸ்திரியைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. இப்போது எல்லாரும் அந்த விரலைத்தான் பார்த்தார்கள்.

அவள் பிளாஸ்திரியை உரித்து ஒரு குமிழைத் திருப்பினாள். மந்தம். எதிர்ப்பக்கம் திருப்பினாள். பளீர்.

"இதுதாங்க அந்த வாசல். உங்க எல்லார் கிட்டார்லயும் இருக்கு. வயர் முட்டியில இடிக்குதுன்னா ஜாக்கை மாத்துங்க, அது நியாயம். சத்தத்துக்காக ஓட்டை போடாதீங்க."

எல்லாரும் தத்தம் கிட்டாரைக் குனிந்து பார்த்தோம். குமிழ் இருந்தது. இத்தனை வருடமாக அதை நான் சட்டைப் பொத்தான் மாட்டிக்கொள்ளும் இடமாகத்தான் அறிந்திருந்தேன். கூட்டம் மேசை மேலிருந்த உறைகளைப் பிடுங்கத் தொடங்கியது. மாஸ்டர் பின்பக்க வாசல் வழியாக வெளியேறினார். அந்த ஒரு வாசலை மட்டும் அவர் சரியான இடத்தில் வைத்திருந்தார்.

மூன்று ஓட்டைக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். "இருந்தாலும் என்னோடதுல ஏதோ மாறுச்சு சார்" என்று என் காதில் சொன்னார். பாவம், அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாயில்லை.

சனிக்கிழமை நான் கீழே உட்கார்ந்துதான் கேட்டேன். மேடையில் அந்த நீலக் கிட்டாரோடு என் மனைவி. என்ன வாசிப்பு! பெருமையும் வெட்கமும் சேர்ந்து வர, எல்லாருக்கும் முன்னால் நான்தான் கை தட்டினேன். முடிந்ததும், மாஸ்டரின் புகழைக் கேள்விப்பட்டிருந்த பக்கத்து நாற்காலிக்காரர் என்னைக் கேட்டார்: "சூப்பரா இருக்கே, வாசலை மாத்திட்டீங்களா?"

மேலிருந்து டிரம்மர் கத்தினான்: "வாசல் அதேதான் சார். ஆளத்தான் மாத்தினோம்!"

கிட்டாரின் ஓரத்தில் அந்தக் குழி இன்னும் இருக்கிறது. அடைக்க வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். உங்களிடமும் யாராவது வந்து, எல்லாக் குறைக்கும் ஓர் ஓட்டை போதும் என்று டிரில்லைத் தூக்கினால், கையைத் தூக்குவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். வயரை உண்மையிலேயே மாற்றினார்களா என்று பார்க்க, கழுத்து திரும்பினால் போதும். நாடி பார்க்க வேண்டியதில்லை.