ஒரு சொட்டுகூட

கூட்டம் பதினொரு மணிக்கு. ஒன்பதே முக்காலுக்கு இயக்குநர் அறிக்கையைக் கையில் எடுத்தார். எடை பார்ப்பவர் போல ஒருமுறை தூக்கி இறக்கினார்.

“என்னம்மா இது, தலையணையா?”

“இருமல் மருந்து பத்தின ஆய்வுச் சுருக்கம் சார்.”

“சுருக்கமே இவ்வளவா?”

அவள் சுகாதாரத் துறையின் ஆய்வுப் பிரிவில் இருந்தாள். பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். யார் யாரோ எங்கெங்கோ செய்த மருத்துவ ஆய்வுகளைப் படித்து, எந்த மருந்தை வாங்கலாம், எதை விடலாம் என்று மேலே சொல்ல வேண்டும். இதுவரை சொன்ன எதையும் மேலே யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. இந்த முறையும் அப்படியே நடந்தால் பிரிவை இழுத்து மூடிவிடுவார்கள் என்று பேச்சு.

இந்த முறை விஷயம் எளிது. சின்னக் குழந்தைகளுக்கு இருமல் மருந்தால் பலன் இல்லை. சிலருக்குக் கெடுதல். துறை அதை வாங்குவதை நிறுத்த வேண்டும்.

“ரெண்டு பக்கமாக்கிட்டு வாங்க.”

ஆக்கிக்கொண்டு வந்தாள். இயக்குநர் முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

“‘பலன் தருவதாக ஆதாரம் இல்லை.’ சரி. ஆதாரம் வர்ற வரைக்கும் வாங்கிட்டு இருப்போம்.”

“இல்ல சார், அப்படி இல்ல...”

“படமா போடுங்க. படம்னா பட்டுன்னு புரியும்.”

போட்டாள். மருந்து குடித்து ஒரு வாரத்தில் குணமான குழந்தைகள் நீலத் தூண். எதுவும் குடிக்காமல் குணமானவர்கள் பச்சைத் தூண். இரண்டும் ஒரே உயரம்.

இயக்குநரின் முகம் மலர்ந்தது.

“ரெண்டுமே நல்லா வேலை செய்யுதே. பச்சை எந்த கம்பெனி மருந்து? அதையும் சேர்த்து வாங்கிடலாம்.”

“பச்சைன்னா மருந்தே இல்ல சார்.”

“ஏன், ஸ்டாக் வரலையா?”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

“இதெல்லாம் விடுங்க. உங்க வீட்ல குழந்தை இருக்கில்ல?”

“பொண்ணு சார். அஞ்சு வயசு.”

“அவ இருமினா நீங்க என்ன குடுப்பீங்க?”

வீட்டுச் சமையலறையில் மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒரு பாட்டில் இருந்தது. ஆய்வு ஆய்வுதான். ஆனால் பெற்ற பெண் பக்கத்தில் படுத்துக்கொண்டு இருமும்போது எந்த ஆய்வு ஞாபகம் வருகிறது? ஒரு ஸ்பூன் ஊற்றினால் போதும், குழந்தை சப்புக்கொட்டிவிட்டுத் தூங்கிவிடும். நல்ல கம்பெனி போல. பாட்டில் லேசில் தீர்வதும் இல்லை.

“ஒண்ணும் குடுக்கறதில்ல சார்.”

“ஒண்ணுமே?”

“ஒரு சொட்டுகூட.”

“இதை ஏம்மா முதல்லயே சொல்லல?”

கூட்டத்தில் இயக்குநர் அறிக்கையைத் திறக்கவே இல்லை. எழுந்து நின்றார்.

“நம்ம ஆய்வு அதிகாரி. உலகத்துல உள்ளதெல்லாம் படிச்சவங்க. பெத்த பொண்ணுக்கே இதை ஒரு சொட்டுகூடக் குடுத்ததில்லையாம்.”

கொள்முதல் அதிகாரி வாயைப் பிளந்தார். நிதி அதிகாரி, “தாயே சொன்னப்புறம் என்ன?” என்றார். தேநீர் வருவதற்குள் இருமல் மருந்து பட்டியலிலிருந்து போயிற்று. அவள் மூலையில், தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்தபோது விளம்பரப் பிரிவுக்காரர் பிடித்துக்கொண்டார்.

“மேடம், போஸ்டர் போடறோம். நாளைக்குக் காலையில வீட்டுக்கே வந்து பாப்பாவைப் படம் எடுக்கறோம். ரெண்டு கேள்வியும் கேட்கறோம்.”

“குழந்தைகிட்ட என்ன கேட்கப் போறீங்க?”

“மருந்து குடிச்சியான்னுதான். குழந்தைங்க பொய் சொல்லாது பாருங்க.”

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கணவர் மேஜையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மேஜையின் ஆடும் காலுக்கு அடியில் அவளுடைய அறிக்கையின் முதல் பிரதி. இவருக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும் என்று போன வருஷம் அவரிடம்தான் முதலில் கொடுத்தாள். நெஞ்சின் மேல் விரித்து வைத்துக்கொண்டு தூங்கினார். சில நாளில் அது மேஜைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

அவள் பாட்டிலை எடுத்துத் தொட்டிப் பக்கம் போனாள். மகளும் பின்னாலேயே வந்தாள்.

“இங்க பாரு கண்ணு. நாளைக்கு ஒரு மாமா வந்து கேட்பாரு. நான் இருமல் மருந்தே குடிக்கறதில்லைன்னு சொல்லணும். சரியா?”

“சரி.”

“ஏன்னு கேட்க மாட்டியா?”

“நான்தான் குடிக்கறதில்லையே.”

பரவாயில்லை, நன்றாகவே பொய் சொல்கிறாள் என்று நினைத்தபடி அவள் மூடியைத் திறந்து பாட்டிலைச் சாய்த்தாள்.

“ஐயோ அம்மா, கொட்டாத. அப்பா காலையிலதான் சர்க்கரையைக் கருக்கி, தண்ணி விட்டுக் காய்ச்சி, புதுசா ஊத்தி வெச்சாரு.”

அவள் மெல்லத் திரும்பினாள். கணவர் நிமிரவில்லை. கத்தியும் நிற்கவில்லை.

“உன் அறிக்கையை நான் படிச்சுட்டேன்,” என்றார். “நீ இன்னும் படிக்கலையா?”