காலி டப்பா

குழந்தைக்குச் சிறுநீர் பிடிக்க ஒட்டிய பை இரண்டாவது முறையும் கழன்று விழுந்தது.

"முடி மாதிரி ஸ்பிரிங்கையெல்லாம் கடிகாரத்துக்குள்ள மாட்டுறீங்க. பெத்த பொண்ணுக்கு ஒரு பையை ஒட்டத் தெரியலையே!" என்றாள் மனைவி.

"கடிகாரம் காலை உதைக்காதுடி."

ஏழு மாதக் குழந்தை மறுபடி உதைத்தாள். வலிப்பு வராத நேரங்களில் அவள் சிரித்த முகக்காரி. நேற்று மட்டும் நான்கு முறை வந்துவிட்டது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. பிறவிக் கோளாறாக இருந்தால் சிறுநீரில் தெரியும், தெரிந்தால் அதற்கென்று தனி மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். சோதனைக்கு அனுப்புவது வாரம் ஒருமுறை. இன்று பதினொரு மணியோடு சரி.

"எல்லாம் உள்ள இருக்கு, படிச்சுப் பாருங்க" என்று நர்ஸ் ஓர் உறையைக் கொடுத்திருந்தார். கடிகாரக்காரர் எந்த விளக்கத்தையும் படித்ததே இல்லை. பிரித்துப் பார்த்தாலே புரிந்துவிடும் என்கிற தொழில் கர்வம். உள்ளே அச்சடித்த காகிதம் ஒன்று, தடித்த வெள்ளைத் தாள் இரண்டு. உதிரிபாகம் சுற்றி வரும் தாள் மாதிரி இருக்கவே, ஒதுக்கி வைத்துவிட்டு மருந்துக்கடையில் பையும் டப்பாவும் வாங்கி வந்தார்.

பை நிற்கவில்லையே என்று பிளாஸ்திரி போட்டார். குழந்தை வீறிட்டாள். குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தம் காட்டினார். குழந்தை தூங்கிப் போனாள். மனைவிதான் எழுந்து குளியலறைக்கு ஓடினாள். கடைசியாக, பை நழுவாமலிருக்க மேலே நாப்கினை இறுக்கிக் கட்டினார்.

"ஏங்க, போயிட்டா!"

பை ஒருபக்கமாகக் கிடந்தது. அத்தனையும் நாப்கினில். மனைவி மடியில் சொட்டாமலிருக்க, கைக்கு எட்டிய வெள்ளைத் தாள்களை நாப்கின்மேல் அழுத்தி ஒற்றி, அப்படியே உறைக்குள் திணித்தார்.

மணி பத்தரை. மனைவி அழவில்லை. மெல்லக் கேட்டாள்.

"இந்தக் கோளாறு உங்க பக்கத்துலேருந்தா, எங்க பக்கத்துலேருந்தா?"

"பெரும்பாலும் ரெண்டு பக்கமும் சேர்ந்தாத்தான் வருமாம். பழியிலயும் பாதி பாதிதான். கிளம்பு, கெஞ்சியாவது பார்ப்போம்."

ஆய்வகத்தில் நர்ஸ் கொடுத்த உறையையும் காலி டப்பாவையும் மேஜைமேல் வைத்தார்.

"ஒரு சொட்டுகூடப் பிடிக்க முடியலைங்க. அடுத்த வாரம் வரைக்கும் இவ..."

அங்கிருந்த பெண் டப்பாவைத் தொடவே இல்லை. உறையிலிருந்து ஈரத் தாள்களை நுனியில் பிடித்து எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, காய்வதற்காகக் கம்பியில் மாட்டினாள். பெயர்ச்சீட்டை ஒட்டியபடி சொன்னாள்:

"நனைஞ்ச நாப்கின்ல இந்தத் தாளை அழுத்தி எடுத்துட்டு வந்தாப் போதும்னு எல்லாருக்கும் எழுதித்தான் கொடுக்கிறோம், இந்த வாரம் அதைப் படிச்சு ஒழுங்காச் செஞ்ச ஒரே அப்பா நீங்கதான் சார்!"