கொள்ளுத்தாத்தாவின் குடம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கொள்ளுத்தாத்தா கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோது இடுப்பு வேட்டியைத் தவிர வேறொன்றும் கொண்டுவரவில்லை. பழம்பொருள் சேர்க்கிறவனுக்கு இப்படிப்பட்ட கொள்ளுத்தாத்தா சரிப்பட்டு வரமாட்டார். ஆகவே அவருக்கு நானே சொத்து சேர்த்துக் கொடுத்தேன்.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. ஈப்போ சிலிபினில் வாடகை வீடு. ரப்பர் தோட்டத்தை விட்டுக் கிளம்பும்போது அப்பா தலைமுறை எதையெல்லாம் தொலைந்தது சனியன் என்று வீசிவிட்டு வந்ததோ, அதையெல்லாம் நான் ஞாயிறுதோறும் ஈப்போ பழைய பொருள் சந்தையில் வாங்கி வந்தேன். கூடத்தில் ரப்பர் பால் பிடிக்கும் மங்குகள், முள் இல்லாத கிராமபோன், கைப்பிடி போன பால் வாளி. (வாளிக்குத் தனி விளக்கு வேறு.) என் அக்கா வரும்போதெல்லாம், "ரெண்டு மரத்தையும் நட்டுட்டா நாளைக்கே பால் எடுக்கலாம்லா" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் தஞ்சோங் மாலிமிலிருந்து மாலதியின் பெற்றோர் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். மாலதியை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஏற்கெனவே இரண்டு பெண் வீட்டார் என் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் போனவர்கள்தான். இதுவும் கைநழுவினால் வாளியோடுதான் குடித்தனம் என்று அக்கா எச்சரித்திருந்தாள்.

அதனால் என் புதுக் கொள்முதலை நடுக்கூடத்தில் வைத்தேன். பச்சைக் களிம்பேறிய பித்தளைக் குடம். துலக்கினால் மதிப்பு போய்விடும் என்பது எங்கள் சேகரிப்பாளர் வாட்ஸ்அப் குழுவின் வேதவாக்கு. (குழுவில் பாதிப் பேர் வீட்டில் ஒரு டம்ளர்கூடக் கழுவாதவர்கள்.)

"எங்க கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்துல இருந்து கப்பல்ல கொண்டு வந்தது, மாமா. நாலு தலைமுறையா வீட்ட விட்டு வெளிய போனதில்ல" என்றேன். (வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.)

மாலதியின் அப்பா மரியாதையாகத் தலையாட்டினார். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "கொள்ளுத்தாத்தா சாமான இப்படியா பச்சை புடிக்க விடுவீங்க, தம்பி? கொஞ்சம் புளி குடுங்க."

"வேணாம் அத்தை, அது அந்திக், பழம்பொருள்..."

"அந்திக்னா கழுவக் கூடாதா?"

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அங்கே காப்பி கலந்துகொண்டிருந்த அக்கா, துரோகி, புளியை எடுத்துக் கொடுத்தாள்.

தேய்க்கும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்று கணவரைக் கூப்பிட்டார். எல்லோரும் போனோம். குடத்தின் கழுத்தில், பாத்திரக் கடையில் பொட்டுப் பொட்டாய் வெட்டித் தருவார்களே, அந்த எழுத்துகள் மின்னின: 'ர. சரோஜா, இரண்டாவது லயம்.'

சரோஜா, மாலதியின் அம்மாவேதான். தோட்டத்து வரிசை வீடான இரண்டாவது லயத்தில் இருந்த அவர் கல்யாணத்துக்குத் தாய்வீடு கொடுத்த சீர்க் குடம் அது.

என் பொய் மாட்டிக்கொண்டது. ஆனால் அத்தை என்னைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தோட்டத்த காலி பண்ணி வர்றப்ப லோரியில இருந்து விழுந்துருச்சுன்னு சொன்னீங்க."

"விழுந்துச்சு..." என்றார் மாமா.

"எங்க? பழைய இரும்புக்காரன் கையிலயா?"

நானும் மாமாவும் ஒரே திருட்டில் பிடிபட்டவர்களைப் போலப் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். கல்யாணம் போயே போய்விட்டது என்று நினைத்தேன். உண்மையாகவே அழுகை வந்தது. "மன்னிச்சுருங்க அத்தை. சந்தையில வாங்கினது. பெருமைக்குப் பொய் சொல்லிட்டேன்."

அவர் குடத்தைத் துடைத்து முடித்தார். பிறகு சொன்னார்: "இவரு பொய்ய கண்டுபுடிக்க எனக்கு இருவது வருசம் ஆச்சு. உங்க பொய், புளி போட்டதும் போயிருச்சு. என் மக சமாளிச்சுருவா."

குடத்தை அன்றே காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கல்யாணத்தன்று சீர்வரிசைக்கு முன்னால் அது பளபளவென்று திரும்பி வந்தது. அத்தை பெயருக்குக் கீழே புதிதாய் ஒரு வரி வெட்டியிருந்தார்கள்: 'மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தா கப்பலில் கொண்டு வந்தது.'

இன்றைக்கும் தீபாவளிக்கு யார் வந்தாலும் மாலதி அந்தப் பக்கத்தைத்தான் வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கிறாள். முந்தின நாள் புளி போட்டுத் துலக்குவது மட்டும் என் வேலை. எழுத்து மங்கிவிடக் கூடாதாம்.