கொய்யாமரத்துக்கு ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம்

மாநில அரசின் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் அவருக்கு ஒரே வேலைதான். ஏரியில் சாலை, மலையில் சுரங்கம் என்று எந்தத் திட்டம் வந்தாலும் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்பார். கேட்டதை அங்கேயே மறந்துவிடுவார். தெருவில் அவருக்குப் பெயரே 'கருத்துக்கேட்பு'.

ஆள் வராமல் கூட்டம் நடத்துவதில் மனிதர் கெட்டிக்காரர். ஒருமுறை அறிவிப்பைக் கொடிக்கம்பத்தின் உச்சியில் ஒட்டிவிட்டார். காக்கை ஒன்று பார்த்துவிட்டுக் கத்தியது. 'ஒருவர் ஆதரவு' என்று பதிவாயிற்று.

அப்பேர்ப்பட்டவரின் பாச்சா வீட்டில் மட்டும் பலிக்கவில்லை. அவருடைய பழைய கார் வெயிலில் காய்ந்தது. அதற்குப் பெட்ரோலே தள்ளுகிறவர்கள்தான், இருந்தாலும் அவருக்கு அது உயிர். வாசலில் நின்ற கொய்யாமரத்தை வெட்டினால் அந்த இடத்தில் அதற்கு ஷெட் போடலாம். மனைவி மசியவில்லை.

"அந்த மரத்துல கை வெச்சீங்க, அப்புறம் சோத்துல கை வெக்க முடியாது."

ஆபீஸ் வித்தையை வீட்டிலும் காட்டிவிடுவது என்று முடிவு கட்டினார். மனைவியும் மகளும் சந்தைக்குப் போன நேரம் பார்த்துக் கூட்டம் போட்டார். தானே தலைமை தாங்கி, தனக்குத் தானே நன்றியும் சொல்லிக்கொண்டார். இருவரும் திரும்பி வந்ததும் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"ஏம்மா, மரத்தை வெட்டறதுன்னு முடிவாயிடுச்சு."

"யாரு முடிவு பண்ணது?"

"கூட்டம் போட்டேன். ஒரு எதிர்ப்பும் வரல."

"எங்களுக்குத் தெரியவே தெரியாதே."

"அறிவிப்பு ஒட்டியிருந்தேனே."

"எங்க?"

"பீரோவுக்குப் பின்னால."

மகள் சிரித்தாள். மனைவி சிரிக்கவில்லை. "சரிங்க. முறைன்னா முறைதான்" என்று உள்ளே போய்விட்டாள்.

இவருக்குத் தலைகால் புரியவில்லை. மரம் வெட்டுகிறவரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டு, அன்றைக்கு ஆபீசிலிருந்து சீக்கிரமே ஓடிவந்தார். மரம் நின்றது. காரைக் காணோம்.

"கார் எங்கம்மா?"

"என் தம்பி தள்ளிட்டுப் போனான். அவனுக்கே குடுத்துடறதுன்னு முடிவாயிடுச்சு."

"யாரைக் கேட்டு?"

"கூட்டம் போட்டோம்ங்க. நானும் இவளும் இருந்தோம், பக்கத்து வீட்டு அக்காவும் வந்தாங்க. உங்க தரப்புலதான் யாரும் வரல."

"எனக்கு அறிவிப்பே வரலையே."

"ஒட்டியிருந்தேனே, பாத்திரம் தேய்க்கிற தொட்டிக்கு மேல. நாலு நாளா இருந்துச்சு. வீட்டுல எல்லாரும் படிச்சாச்சு."

"மரம் வெட்டறவர்?"

"வந்தாரு. காரே இல்லாத வீட்டுக்கு ஷெட் எதுக்குன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாரு."

அவர் மரத்தடியில் தொப்பென்று உட்கார்ந்தார். மனைவி கொய்யாப்பழத்தை நறுக்கித் தட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

"வெயில் படுது பாருங்க. இப்படி நிழலுக்குத் தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தார். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "மேல்முறையீட்டுக்கு வழி இருக்கா?"

"தாராளமா. அடுத்த வாரம் எங்கம்மா வராங்க, அவங்ககிட்ட சொல்லுங்க."